பிரிஜெட் நடந்தாள், சில்வெஸ்டர் இளைத்தார்

ஜோகுபாளையத்தில் 1894-ஆம் வருஷத்து மழைக்காலத்திலிருந்து பிரிஜெட் தினமும் விடிகாலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தாள், அவள் புருஷன் சில்வெஸ்டர் இளைத்தார். அவள் நடக்கிற நேரத்தில் அவர் வீட்டில் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். அவள் சோமேஸ்வரர் கோயில் பக்கத்து மேட்டில் ஏறும்போது இவருக்கு மூச்சு வாங்கும். சிப்பாய்கள் குடியிருக்கிற லயன் ஓரமாக அவள் வேகம் பிடிக்கும்போது இவருடைய கெண்டைக்கால் துடிக்கும். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் அவள் வீடு திரும்பும்போது, இவருடைய தலையணை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருக்கும். அந்த வருஷம் கேழ்வரகு விலை ஏறியதைப் பற்றித் தெருவில் பேசிய அளவுக்கு யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. விலை ஏறினால் எல்லோர் வயிற்றிலும் அடிக்கும். இது ஒரு வீட்டுச் சமாசாரம்.

சில்வெஸ்டருக்குப் பட்டாளத் தண்டு பக்கத்தில் ஓர் ஏலக் கடையில் உத்தியோகம். சீமைக்குத் திரும்புகிற துரைமார்கள் விட்டுப்போகும் மேஜை, நாற்காலி, பியானோ, மான்தலை எல்லாவற்றையும் கூவி விற்கிற வேலை. குரல் என்றால் அப்படியொரு குரல். மாதா கோயில் பாடல் குழுவிலும் அடிக்குரல் அவருடையதுதான். ஆனால் நின்றுகொண்டு கூவுகிற வழக்கமே அவரிடம் இல்லை. ஏலத்துக்கு வந்த நாற்காலிகளிலேயே எது மெத்தென்று இருக்கிறதோ அதில் சாய்ந்துகொண்டு கூவுவார். அது விலைபோனதும் அடுத்ததற்கு மாறுவார். நல்ல மனுஷர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, பெண்டாட்டியின் மேல் உயிரையே வைத்திருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை அவருக்குச் செய்கிற அநியாயமாகிவிடும். உடம்பை அசைக்கத்தான் மனசு வராது, அவ்வளவுதான். கல்யாணமான நாலைந்து வருஷத்தில் தெருவாசலில் பக்கவாட்டில் திரும்பி நுழைகிற அளவுக்குப் பெருத்துவிட்டார்.

டாக்டர் சேஷகிரி அப்போது இளைஞர், கொஞ்சம் வாய்த்துடுக்கு. சில்வெஸ்டரின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஓய், உம்ம ஹிருதயத்தைச் சுத்திக் கொழுப்பு வேலி கட்டிண்டிருக்கு. தினம் ஏரியை ஒரு சுத்து நடந்தீர்னா பொழைச்சீர். இல்லேன்னா அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாட வேற ஆளைப் பாக்கச் சொல்லும்" என்றார். சில்வெஸ்டர் பயந்து போனார். மறுநாளே ஏலத்தில் வந்த ஒரு ஜோடி பூட்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பினார், நடந்தார், வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். அடுத்த நாள் தூறல். அதற்கடுத்த நாள் பூட்ஸ் கடித்தது. அதற்கும் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கர்த்தரே ஓய்ந்திருந்த நாள் என்றார். பிரிஜெட் தலையில் அடித்துக்கொண்டாள்.

செப்டம்பரில் மாதா கோயில் திருவிழா வந்தது. கொடியேற்றத்தன்று கூட்டத்தில் நெருக்குண்டு மூச்சுத் திணறிய சில்வெஸ்டர், உயிர் பயத்தில், எல்லோர் காதிலும் விழும்படி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்: என் உயிர் உள்ளவரை தினமும் விடியுமுன் ஏரியைச் சுற்றி நடப்பேன், என் இருதயத்தைக் காப்பாற்று தாயே. ஏலம் கூவுகிற குரல் அல்லவா, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஒரு வாரம் நடக்கவும் நடந்தார். பிறகு ஒரு காலையில், மழை பெய்து ஓய்ந்த குளிரில், எழுப்ப எழுப்பச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இங்கேதான் பிரிஜெட் அந்தத் தப்பைச் செய்தாள். அவளைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை, அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். நேர்ந்துகொண்ட காரியத்தை நிறைவேற்றாமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது. நேர்ந்துகொண்டவருக்கு முடியாவிட்டால் வீட்டில் இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லிச் செய்துவிடலாம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்காகத் தாய் முழங்காலில் நடக்கிறாள், கப்பலேறிப் போன மகனுக்காகத் தகப்பன் மொட்டை போடுகிறான். வைத்தியர் சொன்ன நடையும் வாய்விட்டு நேர்ந்த பிறகு நேர்ச்சைதானே என்று பிரிஜெட் நினைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சில்வெஸ்டருக்காக" என்று வாசலில் சிலுவை போட்டுவிட்டு, இருட்டில் இறங்கி நடந்தாள். அது சில்வெஸ்டருக்கே போய்ச் சேர்ந்தது.

வருஷம் திரும்புவதற்குள் அவர் வாசலில் நேராக நுழைந்தார். கால்சட்டைகளைத் தையல்காரர் இரண்டு முறை பிடித்துத் தைத்தார். சேஷகிரி மார்பில் குழாயை வைத்துக் கேட்டு, "பேஷ்! குதிரை மாதிரி ஓடறது. தினம் நடக்கறேளா?" என்று கேட்டபோது சில்வெஸ்டர் ஆமாம் என்றார். நேர்ச்சைக் கணக்கில் பார்த்தால் அது பொய்யும் இல்லை. பிரிஜெட்டுக்கு மட்டும் இடுப்பு கனத்தது, குதிகால் வெடித்தது. ஒரு தடவை அவளுக்கும் ஆசை வந்து, சாயங்காலத்தில் தன் பெயருக்கென்று தனியாக ஒரு சுற்று நடந்து பார்த்தாள். அதுவும் அவருக்கே போயிற்று. ஏலக் கடையில் ஒரு பீரோவைக் கூவிக்கொண்டிருந்தவர் தொடை பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். பிறகு அவள் அந்த ஆசையை விட்டுவிட்டாள்.

இதற்குள் சில்வெஸ்டரின் பெயர் பரவிவிட்டது. அந்தக் குண்டு மனுஷன் எப்படி இப்படி ஆனார் என்று தெருத் தெருவாக வந்து கேட்டார்கள். அவரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லுவார், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்லுவார். முதல் நாளே முழுச் சுற்று போகாதே, மூச்சு வாங்கினால் திரும்பிவிடு. நேரத்தை மாற்றாதே. செருப்பைக் கட்டிலுக்குக் கீழேயே வைத்துக்கொண்டு படு, எழுந்தால் கால் அதில்தான் விழ வேண்டும். போகலாமா வேண்டாமா என்று யோசிக்காதே, முகம் கழுவுவதற்கு யோசிக்கிறாயா? ஏரிக்கரையில் பேச்சுத்துணைக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொள். எல்லாம் பிரிஜெட் செய்வதை அவர் கட்டிலில் கிடந்தபடி அரைக்கண்ணால் பார்த்தது. அவர் பேச்சைக் கேட்டு நடக்க ஆரம்பித்த சில பேர் எண்பது வயது வரைக்கும் இருந்தார்கள். குறுக்கு வழி தேடினவர்களும் உண்டு. ஒரு கர்னல் துரை தன் பட்லர் ஜெயராஜை அனுப்பித் தனக்காக நடக்கச் சொன்னார். ஜெயராஜ்தான் இளைத்துச் சிவந்து ஜம்மென்று ஆனார். கூலிக்கு நடந்தால் நடந்தவனுக்குத்தான் போகும் போலிருக்கிறது என்று துரை கையை விரித்தார்.

நாளும் கிழமையும் பார்க்காமல் அவள் நடந்தாள். மகள் ஜூடித் பிறந்தபோது படுத்திருந்த நாட்களில் சில்வெஸ்டருக்குக் கணுக்கால் வீங்கி, உதடு நீலம் பாய்ந்தது; அதைப் பார்த்துப் பச்சை உடம்போடு எழுந்து போனாள். பிளேக் வந்து தெருவே காலியாகிக் கொட்டகையில் போய்க் கிடந்த வருஷத்திலும், அங்கிருந்து ஏரி தூரமாயிற்றே என்று அவள் நினைக்கவில்லை. ஊரில் மின்சார விளக்கு வந்தது, மோட்டார் வந்தது, சண்டைக்குப் போகிற பட்டாளம் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தது, அவள் அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போனாள். கரையில் எருமை கட்டியிருந்த ஃபாத்திமாதான் அவளுக்குப் பேச்சுத்துணை. "அரே, உங்க ஆளு தூங்கறாரு, நீங்க நடக்கறீங்க. இது எந்த ஊரு நியாயம் ஜீ?" என்று பால் கறந்தபடியே கேட்பாள். பிரிஜெட் சிரிப்பாள்.

வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். "நேர்ச்சையெல்லாம் நான் பாத்துக்கறேங்க. சும்மா ஒரு நாள் என்கூட வாங்களேன். தண்ணி மேல பனி நிக்கறதப் பாக்கலாம்." சில்வெஸ்டர் மனப்பூர்வமாகத் தலையாட்டுவார். நாளைக்கு, நிச்சயம். மறுநாள் அவள் கட்டிலண்டை கொஞ்சம் நின்று பார்ப்பாள், பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். கதவு சாத்துகிற ஓசை அவருக்குக் கேட்கும். அவளுக்கு அந்தக் காற்று பிடித்திருக்கிறது, ஃபாத்திமா இருக்கிறாள், தனியாகக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பாதி நிஜம் வேறு, அதனால் சீக்கிரம் தூக்கம் வந்துவிடும்.

1916-இல் ஜூடித்துக்குக் கோலார் தங்கவயலில் கல்யாணம். சில்வெஸ்டருக்கு அப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, பார்த்தால் மணவாளனுக்கு அண்ணன் என்பார்கள். மயிர் நரைக்கவில்லை, முதுகு கம்பி. பிரிஜெட்டோ முழங்கால் தேய்ந்து, அசைந்து அசைந்து நடந்தாள், தலை பஞ்சாகிவிட்டது. கோயில் வாசலில் பிள்ளை வீட்டு அத்தை கேத்தரின் ஓடி வந்தாள். அந்த அம்மாளுக்கு இவர்களைத் தெரியாது. "தம்பி, அம்மாவ வெயில்ல நிக்க வெக்காதீங்க, உள்ள பெஞ்சு போட்டிருக்கு" என்றாள். சில்வெஸ்டர் சிரித்துக்கொண்டே, "சரிங்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது. பிரிஜெட் பக்கத்தில்தான் நின்றாள். அவர் கையைப் பிடித்து உள்ளே போய் உட்கார்ந்தாள், மகளுக்கு முத்தம் கொடுத்தாள், எல்லோரோடும் நன்றாகத்தான் பேசினாள். ரயிலில் திரும்பும்போது மட்டும், "பெஞ்சுல உக்கார வெச்சீங்களே, நல்லா இருங்க" என்றாள். மறுநாள் விடியுமுன் வழக்கம்போல் அவருக்காக நடக்கப் போனாள். அந்த "சரிங்க" வாயில் வந்தபோது தனக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம்தான் என்பதை சில்வெஸ்டர் சாகிற வரைக்கும் மறக்கவில்லை. வெட்கம் அப்புறம் வந்தது. வெட்கம் முதலில் வந்திருக்கக் கூடாதா என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார்.

1921-இல், மழைக்காலம் முடிகிற சமயம், பிரிஜெட் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபாத்திமா தன் பால்வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தாள். கால் இரண்டும் தூணாக வீங்கியிருந்தன, பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கிற்று. சேஷகிரி வந்து குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். அவருக்கும் வயதாகியிருந்தது, துடுக்கு கொஞ்சம் குறைந்திருந்தது. "என்ன ஓய் இது? இந்தம்மா ஜன்மத்துல ஒரு நாள் உடம்பை அசைச்சதில்லையா? இப்படித் துருப்பிடிச்சுக் கெடக்கே ஹிருதயம். ஊருக்கெல்லாம் நடக்கச் சொல்றவர் ஆத்துல இப்படி விட்டுட்டீரே!" என்றார். பிரிஜெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்க மூச்சில்லாமல் இருமினாள். சில்வெஸ்டர் டாக்டரை வாசலுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். சேஷகிரி மூக்கின் மேல் விரல் வைக்கவில்லை, நம்பாமலும் இல்லை. மருந்தை மாற்றுகிற மாதிரி, "அப்போ இனிமே நீர் நடவும். தவறாம நடந்தீர்னா ஆறு மாசத்துல எழுந்து உக்காருவா. விட்டு விட்டு நடந்தா பொறுப்பு நான் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

சில்வெஸ்டர் அன்றைக்கே மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. என் உயிர் உள்ளவரை பிரிஜெட்டுக்காக நடப்பேன் என்று கண்ணில் நீர் வழிய நேர்ந்துகொண்டார். மறுநாள் போனார். அடேயப்பா, என்ன நடை! ஏரிக்கரையில் வாலிபர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பிரிஜெட்டின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது, உதட்டில் ரத்தம் ஓடியிருந்தது. "கோயில் மேடு ஏறினீங்க இல்ல? எனக்கு இங்க மூச்சு முட்டிச்சு" என்றாள், சின்னப் பெண்ணாட்டம் முகம் மலர்ந்து. அன்று இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தாள். சில்வெஸ்டர் அவள் பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வெடித்துக் கிடந்த குதிகாலுக்கு எண்ணெய் தடவினார். இத்தனை வருஷத்தில் அந்தக் குதிகாலை அன்றுதான் பார்த்தார்.

ஆனால் ஐயோ, காலில் வலு இருந்தது, பழக்கம் இல்லையே. வலுவை அவள் நடந்து நடந்து அவருக்குள் சேர்த்துவிட்டாள். விடியுமுன் தானாகக் கண் திறக்கிறதும், குளிரில் கம்பளியைத் தள்ளுகிறதும், கால் வேண்டாம் என்னும்போதே செருப்புக்குள் நுழைகிறதும் அவளிடமே தங்கிவிட்டன. ஊருக்கெல்லாம் சொன்ன யோசனைகளைத் தனக்கே செய்து பார்த்தார். பூட்ஸைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார்; விடிந்ததும் பூட்ஸ் அங்கே இருந்தது, அவரும் அங்கேயே இருந்தார். பிரிஜெட்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில், உயர அடுக்கிய தலையணைகளில் சாய்ந்தபடி, சிப்பாய் லயனில் விடிகாலைப் பியூகிள் ஊதுவதற்கு முன்னால் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். "என்னங்க... எழுந்திருங்க... என்னங்க" என்று கிடைத்த மூச்சையெல்லாம் கூட்டிக் கூப்பிடுவாள். அவர் ஒரு நாள் எழுந்து போவார். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிடுவார். ஒரு நாள் போகிறவர் டீக்கடையில் நின்று பேசிவிட்டுப் பாதியிலேயே திரும்பி, முழுச் சுற்று ஆயிற்று என்பார். அவளுடைய கால்களுக்குத் தெரியாதா? பாதியிலேயே குளிர்ந்துவிட்ட கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "சரிங்க, காப்பி குடிங்க" என்பாள்.

டிசம்பரில் ஜூடித் தங்கவயலிலிருந்து வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் வளர்ந்தவள் அல்லவா. "அப்பா பேர்ல நான் போறேம்மா. வீட்ல யார் போனாலும் செல்லும் இல்ல?" என்று செருப்பைத் தேடினாள். பிரிஜெட் அவள் புடவையை எட்டிப் பிடித்தாள். "வேணாம். இதுல இறங்கினா அப்புறம் வெளிய வர முடியாது. உனக்குப் புள்ள குட்டி இருக்கு, உன் காலு உனக்கு வேணும். அவரு வருவாரு, இப்பத்தான பழகறாரு." ஜூடித் தகப்பனிடம் போய் நின்றாள். "அப்பா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், ஒரு நாளும் விடாதீங்க." சில்வெஸ்டர் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அந்த வாரம் முழுக்க எழுந்து போகவும் போனார். பிரிஜெட் எழுந்து உட்கார்ந்து, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு உருட்டிக் கொடுத்தாள். வீட்டில் சிரிப்புக் கேட்டது. இனிமேல் பிழைத்துவிடுவாள் என்று தெருவே நம்பிற்று.

கிறிஸ்துமஸ் அன்று வீடு நிறைய ஜனம். சில்வெஸ்டர் பாடினார், பேரப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார், யார் வந்தாலும் அவர்களோடு ஒரு துண்டு கேக்கும் ஒரு கிளாஸ் ஒயினும் எடுத்துக்கொண்டார். பிரிஜெட் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி அவர் அடித்துப் போட்டாற்போல் படுத்துத் தூங்கினார். மறுநாள் விடியற்காலையில் ஜூடித் எழுந்து வந்து பார்த்தபோது அம்மா விழித்திருந்தாள், அப்பா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜூடித் அவர் தோளை உலுக்கப் போனாள். பிரிஜெட் கையை நீட்டித் தடுத்தாள். "பாவம், நேத்து ரொம்ப ஆடிட்டாரு. தூங்கட்டும் விடு." அம்மா நன்றாகத்தானே இருக்கிறாள், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று ஜூடித்தும் விட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அந்த ஒரு வாரம் முழுச் சுற்று நடந்திருந்தாரே தவிர, அதற்கு முன்னால் விட்டுப்போன காலைகளும் பாதியில் திரும்பிய காலைகளும் அந்த உடம்பில் அப்படியே நின்றன. சிப்பாய் லயனில் பியூகிள் ஊதிற்று, பிரிஜெட்டின் மூச்சு நின்றது. சில்வெஸ்டர் எழுந்தபோது ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் அடித்தது. என்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜூடித்கூடச் சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவருக்கு. அவள் நடந்து சேர்த்த வலு அதுவரை தாங்கிற்று; இனி அவருக்காக நடக்க ஆள் இல்லை. இருபத்தேழு வருஷமும் நடக்காத உடம்பு வசூலுக்கு வந்த மாதிரி வந்து சேர்ந்தது. பெரிய நோன்புக்குள் தலை நரைத்தது, ஈஸ்டருக்குள் கூன் விழுந்தது, கணுக்கால் பழையபடி வீங்கிற்று. ஏலக் கடையில் வேறு ஆள் கூவினான். அந்தச் சமயத்தில்தான் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாணு ஒரு நாள் வாசலில் வந்து நின்றான். கோடை மழை பெய்து மண் இளகிவிட்டதாகவும், அம்மாவின் கல்லறை ஒரு சாண் இறங்கிக் கல் சாய்ந்துவிட்டதாகவும் சொன்னான். மண்ணைக் கொட்டி நிமிர்த்தினால் மறுபடி இறங்குகிறதாம், நாலு தடவை பார்த்துவிட்டானாம். "நேர்ச்சை ஒண்ணு பாக்கி இருக்காமே சாமி? பால்கார அம்மா சொல்லிச்சு. அதை முடிச்சிட்டீங்கன்னா எனக்கு மண்ணு மிச்சம்" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

உயிர் உள்ளவரை என்று நேர்ந்தது அவருடைய உயிரைச் சொல்லித்தானே. சில்வெஸ்டர் மறுநாள் இருட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். குதிரை மாதிரி இருந்த காலத்தில் கிடந்து தூங்கியவர், வீங்கிய காலை இழுத்து இழுத்து, மேட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, வெயில் ஏறுகிற வேளைக்கு ஒரு சுற்று முடித்தார். தண்ணீர் மேல் பனி நின்றதையும் பார்த்தார். ஃபாத்திமாவின் எருமைகளுக்குப் பக்கத்தில் நின்று, சத்தம் போட்டு அழுதார். ஃபாத்திமா கறவையை நிறுத்தவில்லை. "நடங்க ஜீ, நடங்க. அவங்க இங்க நிக்க மாட்டாங்க" என்றாள். அன்று சாயங்காலம் நாணு வந்து, கல் நேராகிவிட்டது, மண்ணும் மேலே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதிலிருந்து அந்தத் தோட்டத்தில் மழைக்கு மழை எல்லாக் கல்லும் சாய்ந்தாலும் பிரிஜெட்டின் கல் மட்டும் நேராக நின்றது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் சிலர், தூரத்துச் சொந்தம்தானே என்ற உரிமையில், எங்கள் ஆளுக்கும் ஒரு சுற்று நடந்துவிடுங்களேன் என்று கேட்டும் பார்த்தார்கள். தன் காலுக்கு ஒருத்திதான் தாங்கும் என்று சில்வெஸ்டர் கும்பிட்டுவிட்டார். சேஷகிரியின் மகன் புதிதாகப் படித்துவிட்டு வந்த டாக்டர். சில்வெஸ்டரைச் சோதித்துப் பார்த்து, இந்த இருதயத்தோடு இந்த மனுஷர் படி இறங்கக்கூடாது என்றார். அது டாக்டர் கணக்கு. சில்வெஸ்டர் அந்த இருதயத்தோடு இன்னும் பன்னிரண்டு வருஷம் ஏரியைச் சுற்றினார். குளிர் என்று நிற்கவில்லை, மழை என்று நிற்கவில்லை, கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் நிற்கவில்லை. பியூகிள் ஊதுவதற்கு வெகு முன்னாலேயே அவருக்குத் தானாகக் கண் திறந்துவிடும். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருப்பார். அவர் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள். எழுந்து பூட்ஸை மாட்டிக்கொள்வார்.